பல்கலைக்கழக முற்றத்தில் ஒரு தனிப்பக்கம்

பல்கலைக்கழகங்களின் இணைய முகவரிகளைக் கண்டு பழகியோர், அவற்றுட் சிலவற்றில் ஒரு சிறு நெளிகோடு இடம்பெற்றிருப்பதைக் கவனித்திருப்பர். முகவரியின் முற்பகுதி பல்கலைக்கழகத்தின் பெயரைக் கூறும். அதனை அடுத்து ஒரு சாய்கோடு வரும். சாய்கோட்டின் பின், நீரலை ஒன்றைக் கிடையாக வரைந்தாற்போல அந்த நெளிகோடு நிற்கும். அதனோடு ஒட்டியபடி ஒருவருடைய பெயரோ பெயரின் சுருக்கமோ காணப்படும். அம்முகவரியைத் திறந்தால் ஒரு பேராசிரியரின் விரிவுரைக் குறிப்புகள் கிடைக்கலாம். ஒரு மாணவியின் ஆய்வுக் கட்டுரை கிடைக்கலாம். அல்லது பறவைகளைப் பற்றியோ பழைய நாணயங்களைப் பற்றியோ ஒருவர் ஓய்வு வேளைகளில் திரட்டிய செய்திகள் கிடைக்கலாம். பல்கலைக்கழகத்தின் முத்திரை தாங்கிய அறிவித்தல்களை அங்கே தேடுவதிற் பயனில்லை. அது தனியொருவரின் பக்கம். அது நிற்கும் நிலம் மாத்திரமே பல்கலைக்கழகத்தினுடையது.

நெளிகோட்டிற்கு ஈண்டு 'வீடு' என்பது பொருள். இவ்வழக்கம் இணையத்தளங்கள் தோன்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முந்தியது. 1970களில் ஆளுக்கொரு கணினி என்ற நிலை எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்கவில்லை. பெரிய கணினி ஒன்றை, திரையும் விசைப்பலகையும் மட்டுங்கொண்ட முனையங்களின் முன் அமர்ந்து பலர் பகிர்ந்துகொண்டனர். யுனிக்ஸ் என்னும் இயக்கமுறைமை அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்புறையை ஒதுக்கிக் கொடுத்தது. அதனை அவரவர் வீடு என வழங்கினர். கலிபோர்னியாவின் பேர்க்கிலி நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் பில் ஜோய் என்பார் அக்காலத்தில் எழுதிய சீ ஷெல் என்ற மென்பொருளில், இந்த வீட்டைக் குறிக்க நெளிகோடு பயன்பட்டது. ஏன் அந்தக் குறி? லியர் சீக்லர் என்னும் நிறுவனம் 1976இல் வெளியிட்ட ஏடிஎம்-3ஏ என்ற முனையம் அங்கே புழக்கத்தில் இருந்தது. அதன் விசைப்பலகையில் நெளிகோடும், வீடு எனப் பொருள்படும் 'ஹோம்' என்ற சொல்லும் ஒரே விசையின்மேற் பொறிக்கப்பட்டிருந்தன. விசையொன்றில் இரு குறிகளைப் பொறித்து ஒரு தொழிற்சாலை செய்த சிக்கனம், அரை நூற்றாண்டின் பின்னும் பேராசிரியர்களின் முகவரிகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

உலகளாவிய வலை, ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ன் ஆய்வுநிலையத்தில் ரிம் பேணர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டு மார்ச் மாதம் முன்வைத்த திட்டத்திலிருந்து பிறந்தது. 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அது வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. 1993 ஏப்ரல் 30ஆந் திகதி, அதன் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமெனச் சேர்ன் அறிவித்தது. அதே ஆண்டில், அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய மீக்கணினிப் பயன்பாட்டு நிலையம் இரண்டு மென்பொருள்களை வெளியிட்டது. ஒன்று, பக்கங்களைப் படத்துடன் காட்டிய மொசேய்க் என்ற உலாவி. மற்றையது, கேட்போருக்குப் பக்கங்களை அனுப்பிவைக்கும் கணினியாகிய சேவையகத்தை இயக்கும் மென்பொருள். முன்னையதன் புகழ் பெரிது. ஆயினும் தனிப்பக்கங்களின் கதையில் முதலிடம் பின்னையதற்கே உரியது. 1995இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய அப்பாச்சி என்னும் சேவையக மென்பொருள் அதன் வழித்தோன்றலேயாகும்.

அந்த மென்பொருளில் ஒரு சிறு விதி அமைந்திருந்தது. முகவரியில் நெளிகோடும் ஒரு பயனரின் பெயரும் வருமாயின், சேவையகம் அப்பயனருடைய வீட்டுக் கோப்புறைக்குச் செல்லவேண்டும். அங்கே 'பப்ளிக் எச்டிஎம்எல்' என்ற பெயருடன் ஒரு கோப்புறை உளதா எனப் பார்க்கவேண்டும். இருந்தால் அதனுள் இருப்பதை எடுத்துக் கேட்டவருக்கு அனுப்பவேண்டும். விதி இவ்வளவே. ஆனால் இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் தகும். பல்கலைக்கழகக் கணினியிற் கணக்கு வைத்திருக்கும் எந்த மாணவனும், குறித்த பெயரில் ஒரு கோப்புறையை உண்டாக்கி, அதனுள் ஒரு கோப்பை இட்ட அந்தக் கணமே உலகத்தின்முன் வெளியீட்டாளனாகிவிட்டான். அவன் எவரிடமும் விண்ணப்பம் எழுதவில்லை, எவரும் கையொப்பமிடவில்லை. அச்சகத்தாருக்கு முற்பணமில்லை, தாளின் விலை பற்றிய கவலையில்லை, பத்திராதிபரின் மேசைமேற் கட்டுரை மாதக்கணக்கிற் காத்துக் கிடக்கவும் இல்லை. கையெழுத்துச் சஞ்சிகை நடத்தி, ஒரே பிரதியைப் பத்துப்பேர் கைமாற்றி வாசித்த தலைமுறையினருக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

மாணவர் இவ்வாய்ப்பை எவ்வளவு விரைந்து பற்றிக்கொண்டனர் என்பதற்கு மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் நடந்ததொன்று சான்றாகும். இணைய முகவரிகள் பலவற்றின் தொடக்கத்தில் 'டபிள்யூ' என்ற எழுத்து மும்முறை வருவது வழக்கம். அந்நிறுவகத்தின் பெயரோடு கூடிய அத்தகைய முகவரியில், 1993இலேயே அங்குள்ள மாணவர் கணினிக் கழகமொன்று தன் சேவையகத்தை அமைத்துவிட்டது. நிறுவகம் தனது உத்தியோகபூர்வத் தளத்தை ஆரம்பிக்க முற்பட்டபோது, தன் பெயருக்குரிய சிறந்த முகவரியில் மாணவர்கள் குடியிருப்பதைக் கண்டது. மாணவர்களை எழுப்பி அனுப்பாமல், 'வெப்' என்ற சொல்லுடன் தொடங்கும் வேறொரு முகவரியை அது தனக்கென வைத்துக்கொண்டது. பெரிய நிறுவனங்களிடம் இத்தகைய பொறுமை அடிக்கடி காணக்கிடைப்பதன்று.

இனிப் பக்கம் எழுதும் வகையைப் பார்க்கலாம். பக்கமென்பது அடிப்படையில் வெறும் எழுத்துக்கோப்பேயாகும். இது தலைப்பு, இது பந்தி, இவ்விடத்தில் ஒரு படம், இச்சொல்லை அழுத்தினால் இன்னொரு பக்கம் திறக்கவேண்டும் என்பன போன்ற கட்டளைகள், கோண அடைப்புக்குறிகளுள் இடப்பட்ட சிறு அடையாளங்களாக எழுத்தினிடையே வரும். இவ்வடையாளங்களின் தொகுதியே எச்டிஎம்எல் எனப்படும். எழுத்துக் கோப்புகளைத் திருத்தும் எந்தச் சாதாரண மென்பொருளைக் கொண்டும் இதனை எழுதலாம். பத்துப் பன்னிரண்டு அடையாளங்களை அறிந்த ஒருவர் ஒரு மாலைப் பொழுதிற் படிக்கத்தக்க ஒரு பக்கத்தை ஆக்கிவிடலாம். முகப்புப் பக்கத்துக்குப் பெரும்பாலும் 'இன்டெக்ஸ்' என்ற பெயரையே இடவேண்டும். கோப்புறையின் முகவரியை மட்டும் ஒருவர் கேட்டால், சேவையகம் அப்பெயருடைய கோப்பையே தேடியெடுக்கும். அப்படியொரு கோப்பு இல்லாவிடின், பல சேவையகங்கள் கோப்புறையில் உள்ளவை அனைத்தையும் பட்டியலாகக் காட்டிவிடும். முடிவுறாத வரைவுகளையும் பிறருக்கு எழுதிய கடிதங்களையும் அதே கோப்புறையிற் போட்டுவைத்தோர் இதனாற் சங்கடத்துக்குள்ளாவதுண்டு.

கோப்புகளின் பெயர்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. மாணவரின் சொந்தக் கணினி பெரும்பாலும் விண்டோஸ் வகையைச் சார்ந்ததாக இருக்கும். பல்கலைக்கழகச் சேவையகமோ யுனிக்ஸ் மரபில் வந்ததாக இருக்கும். முன்னையது ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பெயர்களில் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. பின்னையது அவற்றை வெவ்வேறு எழுத்துகளாகவே கொள்ளும். வீட்டில் ஒழுங்காகத் திறந்த படம் பல்கலைக்கழகத்தில் ஏற்றியபின் காணாமற்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடே இல்லாமையால், தமிழறிந்தோர் இப்பிழையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டும் நெடுநேரம் காணாதிருத்தல் கூடும். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்திலேயே, இடைவெளியின்றி எழுதிவிடுவது தொல்லையை முளையிலேயே கிள்ளிவிடும்.

தமிழிற் பக்கம் எழுதுவோருக்கு இன்னுமொரு கவனம் வேண்டும். யுனிகோட் முறை பரவுவதற்கு முன், இலங்கையிற் பலர் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே தமிழைத் தட்டச்சு செய்தனர். அவற்றில், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் அமர்த்தப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியிற் பக்கத்தைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். யுனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் உலகெங்கும் ஒரே எண் வழங்கப்பட்டுள்ளது. அவ்வெண்களை யூடிஎப்-8 என்ற குறியேற்றத்தில் எழுதும்போது ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு இடம் செல்லும். பக்கத்தின் தொடக்கத்திலேயே, இஃது யூடிஎப்-8 குறியேற்றம் என்ற ஒரு வரியை எழுதிவிடவேண்டும். அவ்வரியை விட்டுவிட்டால், உலாவி தன் போக்கில் ஊகிக்கும்; ஊகம் பிழைத்தால் பக்கம் முழுவதும் குழம்பிப்போகும்.

எழுதிய கோப்பை ஏற்றியபின் புதியவரைத் தடுமாறச் செய்வது அனுமதிகளின் கணக்கு. யுனிக்ஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் மூவகை மனிதர் உளர்: உரிமையாளர், அவரது குழுவினர், ஏனையோர். வாசித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என எண்கள் வகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வகையினருக்கும் உரிய எண்களைக் கூட்டி மூன்று இலக்கங்களாக எழுதுவர். கோப்பொன்றுக்கு 644 எனக் கொடுத்தால், உரிமையாளர் வாசிக்கவும் எழுதவும் செய்யலாம். மற்றையோர் வாசிக்க மாத்திரமே கூடும். பப்ளிக் எச்டிஎம்எல் கோப்புறைக்கு 755 என்பது வழக்கம். வீட்டுக் கோப்புறைக்கு 711 போதுமானது. கோப்புறையைப் பொறுத்தவரையில் 1 என்பது கடந்துசெல்லும் உரிமையைக் குறிக்கும். ஆகவே 711 என்று கொடுத்த வீட்டின் ஊடாக அயலார் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல நடந்து, பெயர் தெரிந்த அறைக்குப் போகலாம். வழியில் என்னென்ன இருக்கின்றனவெனப் பார்த்துப் பட்டியலிட இயலாது.

இங்கே அயலார் என்பது பக்கம் பார்க்க வருவோரை மாத்திரம் குறிப்பதன்று. சேவையகமே ஓர் அயலார்தான். அது மற்றெல்லோருடைய கோப்புகளையும் தொடும் அதிகாரம் பெற்றிருந்தால், அதனைக் கைப்பற்றும் தீயோருக்கும் அவ்வதிகாரம் போய்விடும். ஆதலால் மிகக் குறைந்த அதிகாரமுள்ள ஒரு பயனரின் பெயரிலேயே அதனை இயக்குவர். பழைய சேவையகங்களில் அப்பயனருக்கு 'நோபடி', அதாவது 'யாருமல்லர்' என்று பெயர். உலகத்தார் கேட்ட பக்கங்களையெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் யாருமல்லாத அந்த ஒருவரே! அவரை வாசிக்கவிடாமல் அனுமதியை அடைத்துவைத்தால் 403 என்ற எண்ணோடு மறுப்பு வரும். கேட்ட பெயரில் எதுவும் இல்லையென்றால் 404 வரும். இவ்விரண்டு எண்களின் வேறுபாட்டை அறிந்தவர், கதவு பூட்டியிருக்கின்றதா, அறையே இல்லையா என்பதை உடனே தெளிந்துகொள்வார்.

கோப்புகளை வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஏற்ற முற்காலத்திற் பயன்பட்ட முறைகளில் ஒரு பெருங்குறை இருந்தது. கடவுச்சொல் மறைப்பின்றி, எழுதியது எழுதியபடியே வலையமைப்பின் ஊடாகச் சென்றது. 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் எவரோ ஒருவர் இரகசியமாக ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திரட்டினார். அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து இலோனன் என்பார், அச்சம்பவத்தால் தூண்டப்பெற்று, அனைத்தையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் என்ற முறையை ஆக்கி, அதே ஆண்டில் இலவசமாக வெளியிட்டார். இன்று பல்கலைக்கழகச் சேவையகங்களுக்குக் கோப்பு ஏற்றுவோர் பெரும்பாலும் அம்முறையையே, அறிந்தோ அறியாமலோ, கையாளுகின்றனர்.

பக்கத்தில் எழுதத்தக்கது யாது? தொழில்நுட்பம் விடைகூறாத வினா இது. 1990களின் தனிப்பக்கங்கள் பலவற்றில் மின்னிமறையும் எழுத்துகளும், வந்தவர் தொகையைக் காட்டும் எண்மானியும், 'வேலை நடைபெறுகின்றது' என்ற மஞ்சட்பலகையின் படமும் நிறைந்திருந்தன. உள்ளே படிப்பதற்கு ஒன்றுமிருக்கவில்லை. வேலை நடைபெறவும் இல்லை. இதற்கு நேர்மாறான ஒன்றைக் காண விரும்புவோர் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் ஓய்வுநிலைப் பேராசிரியர் டொனால்ட் நூத் அவர்களின் பக்கத்தைப் பார்க்கலாம். கணினிச் செய்நிரலாக்கக் கலை பற்றிய அவரது பெருநூற்றொகுதியை அத்துறையினர் அனைவரும் அறிவர். அவர் 1990 ஜனவரி 1ஆந் திகதியுடன் மின்னஞ்சலைக் கைவிட்டவர். ஆயினும் நெளிகோட்டு முகவரியிலுள்ள தம் பக்கத்தைக் கைவிட்டாரில்லை. அலங்காரம் ஏதுமற்ற அப்பக்கங்களில் அவரது நூல்கள் ஒவ்வொன்றுக்குமான பிழைதிருத்தங்கள் கிடைக்கின்றன. பிழையை முதலிற் கண்டு தெரிவிப்போருக்கு 2.56 டொலர் பரிசு என்பது அவர் வகுத்த வழக்கம். 2008ஆம் ஆண்டுவரை அதற்கு உண்மையான காசோலைகளை அனுப்பினார். பின்னர் கற்பனை வங்கியொன்றின் சான்றிதழ்களை வழங்கலானார். அவ்வங்கியில் எவரெவர் பெயரில் எவ்வளவு இருக்கின்றது என்ற கணக்கும் அவருடைய பக்கத்திலேயே வெளியாகின்றது. அச்சிட்ட நூல் செய்யமாட்டாத ஒன்றை, அதாவது நூல் வெளிவந்தபின் நூலைப் பற்றி இடையறாது பேசிக்கொண்டிருத்தலை, அந்தப் பக்கம் செய்துவருகின்றது.

இலவசமாகக் கிடைக்கும் இடத்துக்கு நிபந்தனைகள் உண்டு. இடத்தின் அளவுக்கு வரம்பு இருக்கும், பிறர் உரிமையுள்ள படைப்புகளை ஏற்றலாகாது, வியாபாரம் செய்யலாகாது. வியாபாரத் தடைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்த பெருவழியாகிய என்எஸ்எப்நெற், அரசின் பணத்தில், ஆய்வுக்கும் கல்விக்குமென அமைந்தது. வாணிபப் போக்குவரத்துக்கு அதன் விதிகள் இடமளிக்கவில்லை. 1995 ஏப்ரலில் அப்பெருவழி மூடப்பட்டு, தனியார் வலையமைப்புகள் அதன் இடத்தைப் பெற்றன. பொதுப்பணத்திற் கிடைத்த இடத்தைச் சொந்த இலாபத்துக்குப் பயன்படுத்தலாகாது என்ற எண்ணம் மாத்திரம் பல்கலைக்கழக விதிகளில் நிலைத்துவிட்டது.

அளவு மீறினால் யாது நிகழும் என்பதை ஸ்ரான்போட் 1994இற் கண்டது. ஜெரி யாங், டேவிட் பைலோ என்ற இரு ஆராய்ச்சி மாணவர்கள், தாம் விரும்பிய தளங்களின் பெயர்களைத் திரட்டிப் பல்கலைக்கழகக் கணினியில் ஒரு வழிகாட்டியாக வெளியிட்டனர். ஹவாயிற் பிறந்த இரண்டு சூமோ மல்லர்களின் பெயர்களையே தம் கணினிகளுக்கு இட்டிருந்தனர். பட்டியல் அகேபோனோவிலும், அதனை இயக்கிய மென்பொருள் கொனிஷிகியிலும் இருந்தன. அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் ஒரே நாளில் அவ்வழிகாட்டியின் பக்கங்கள் பத்து இலட்சம் தடவை கேட்கப்பட்டன. இரு மல்லர்களும் திணறினர். பல்கலைக்கழக வலையமைப்பும் திணறிற்று. 1995இன் தொடக்கத்தில் நெற்ஸ்கேப் நிறுவனம் தன் கணினிகளில் இடங்கொடுக்க, வழிகாட்டி அங்கே குடிபெயர்ந்தது. யாஹூ என்ற பெயரில் உலகம் அறிந்தது அதனைத்தான்.

யாஹூ தானாக வெளியேறியது. பெரும்பாலான தனிப்பக்கங்கள் வெளியேற்றப்படுகின்றன. பல்கலைக்கழகம் இடம் தருவது ஆளின் பெயருக்கன்று; அவர் அங்கே மாணவராகவோ ஆசிரியராகவோ இருக்கும் தொடர்புக்கே. பட்டம் பெற்றோ பதவி விட்டோ சென்றபின், சில மாதத் தவணை கழிய, பயனர்கணக்கு மூடப்படும். கணக்கோடு வீடும், வீட்டோடு பக்கமும் போகும். இதிற் பல்கலைக்கழகத்தை நோவதற்கில்லை. உடையவரற்ற பக்கங்களிலுள்ள பழைய செய்நிரல்களே தீயோர் நுழையும் வாயில்களாக ஆகின்றன; அவற்றைக் காப்போர் எவருமில்லை. 2010களிலிருந்து பல பல்கலைக்கழகங்கள் நெளிகோட்டு இடங்களை முற்றாகவே மூடிவிட்டு, வெளிநிறுவனங்களின் சேவைகளைக் காட்டியுள்ளன. அப்பாச்சி மென்பொருளில் அப்பழைய விதி இன்றும் இருக்கின்றது. ஆனால் பல நிறுவல்களில் அது முடக்கிய நிலையிலேயே வைக்கப்படுகின்றது.

இழப்பின் அளவைக் காட்டச் சில எண்கள் உண்டு. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 வீதமானவை பத்தாண்டின் பின் கிடைக்கவில்லை. ஹாவாட் சட்டக் கல்லூரி அறிஞர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிற் காட்டப்பட்ட இணைய முகவரிகளுட் பாதி, முன்பு காட்டிய செய்தியை இப்போது காட்டவில்லை எனக் கண்டனர். தீர்ப்பு நிற்கின்றது, தீர்ப்புக்கு ஆதாரம் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளிலும் நெளிகோட்டு முகவரிகள் இடம்பெறுவது வழக்கமாதலால், மாணவனொருவனின் கணக்கு மூடப்படும்போது, அவனை அறியாத பிறருடைய கட்டுரைகளிலும் ஒரு துளை விழுகின்றது.

தமிழுக்கும் இவ்விடயத்திற் பங்குண்டு. தமிழ் செம்மொழியாவதற்குரிய காரணங்களை விளக்கிப் பேராசிரியர் ஜோர்ஜ் ஹார்ட் 2000 ஏப்ரல் 11ஆந் திகதியிட்டு எழுதிய மடல், பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைப் பக்கத்திலிருந்தே உலகெங்கும் வாசிக்கப்பட்டது. இந்திய அரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தது 2004இல். ஜேர்மனியின் கொலோன் பல்கலைக்கழகம் தமிழ் அகராதியை இணையத்திலே தேடும் வசதியை அளித்தது. இவை தனியாரின் பக்கங்கள் அல்லவாயினும், பல்கலைக்கழக இடத்தில் இட்ட சில கோப்புகள் ஒரு மொழிக்கு எவ்வளவு உதவலாம் என்பதை இவற்றாலறியலாம்.

பேணர்ஸ்-லீ 1998இல் எழுதிய கட்டுரையொன்றில், நெடுங்காலம் நிலைக்கவேண்டிய முகவரியில் மாறக்கூடியவை எவையும் இடம்பெறலாகாதென வற்புறுத்தினார். எழுதியவர் பெயர், கோப்பின் வகை, இயக்கும் மென்பொருள் ஆகியன அவர் விலக்கச் சொன்னவற்றுட் சில. நெளிகோட்டு முகவரியோ எழுதியவர் பெயராலேயே ஆனது. அப்பெயருக்கு முன்னர் நிற்பதும் அவர் என்றோ ஒருநாள் விட்டுச்செல்லப்போகும் நிறுவனத்தின் பெயர். ஆதலால் அவ்விடத்திற் பக்கம் அமைப்போர் தொடங்கும்போதே வெளியேறுதலை எண்ணிக் கட்டுவது நன்று. தன் பக்கங்களுக்கிடையிலான இணைப்புகளை முழுமுகவரியாக எழுதாமல், இந்தக் கோப்புறையிலுள்ள இன்ன கோப்பு எனச் சார்பு முறையில் எழுதினால், முழுக் கோப்புறையையும் எங்கே தூக்கி வைத்தாலும் அவை அறுபடமாட்டா. சேவையகத்தில் இயங்கும் செய்நிரல்களைத் தவிர்த்து, எழுத்தும் படமுமாகவே பக்கத்தை வைத்திருந்தால் எந்தச் சேவையகமும் அதனை ஏற்கும். பக்கத்தின் மூலப்பிரதி எப்போதும் எழுதியவரின் சொந்தக் கணினியிலேயே இருக்கவேண்டும். பல்கலைக்கழகத்தில் இருப்பது அதன் நகலாதல் வேண்டும். இதை மாற்றி வைத்திருந்தோர், கணக்கு மூடப்பட்ட மறுநாள் வந்து கெஞ்சி நின்ற கதைகள் பல்கலைக்கழகக் கணினிப் பகுதிகளுக்குப் புதியனவல்ல.

வெளியேறும் வேளை நெருங்கும்போது செய்யத்தக்கன சில. வசதியுள்ளோர் ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சொந்தப் பெயரில் ஒரு முகவரியைப் பதிந்துகொள்ளலாம். இலவச இடந்தரும் நிறுவனங்களும் உள. ஆனால் அத்தகையவற்றுட் பெரியதாக விளங்கிய ஜியோசிற்றீஸ், யாஹூவின் கைக்கு வந்தபின், 2009இல் அமெரிக்காவில் மூடப்பட்டதை நினைவில் வைத்துக்கொள்வது தகும். ஆய்வுக் கட்டுரைகளாயின் பல்கலைக்கழக நூலகத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் ஒப்படைக்கலாம். அது ஆளைச் சாராது நிற்பது. பக்கத்தின் புதிய முகவரியைப் பழைய முகப்பில் எழுதிவைத்தல் அவசியம். சேவையகம் இடங்கொடுத்தால், வருவோரைத் தானாகவே புதிய இடத்துக்கு அனுப்பும் கட்டளையையும் இடலாம். கணக்கு மூடப்படும்வரையேயாயினும், அந்தச் சில மாதங்களில் தேடுபொறிகள் புதிய முகவரியை அறிந்துகொள்ளும். சான் பிரான்சிஸ்கோ நகரில் புரூஸ்டர் கேல் 1996இல் நிறுவிய இணைய ஆவணகம், உலகத்துப் பக்கங்களைப் படியெடுத்துச் சேமித்து, 2001 முதல் எவரும் பார்க்க அளித்துவருகின்றது. குறித்த பக்கமொன்றைச் சேமிக்குமாறு எவரும் அதனிடம் கேட்கலாம். முகப்பை மட்டும் சேமித்துவிட்டு உட்பக்கங்களை மறந்துவிடுவோர் பலர். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கொடுப்பதே தக்கது.

இவையெல்லாம் எளியோர்க்கு மாத்திரம் உரிய தொல்லைகள் அல்ல. 2013ஆம் ஆண்டு சேர்ன் ஆய்வுநிலையம், உலகத்தின் முதலாவது இணையத்தளத்தை அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் நிறுவ முற்பட்டது. பேணர்ஸ்-லீயும் அவருடன் பணியாற்றியோரும் அக்கோப்புகளை நாள்தோறும் திருத்தித் திருத்தி அவற்றின்மேலேயே எழுதிவந்தமையால், தொடக்கத்திலிருந்த வடிவம் எஞ்சவில்லை. 1992ஆம் ஆண்டுப் பிரதியொன்றே கைக்கெட்டியது. அங்கே இப்போது காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதும் அதுவே.